துருப்பிடித்த கப்பலுக்குக் காற்றே மருந்து: பிரிஸ்டலில் எஸ்.எஸ். கிரேட் பிரிட்டன்

மழைக்காலத்தில் உப்பு ஜாடியைத் திறந்தால் கல்லுப்பு கசிந்து நிற்கும். அதில் யாரும் தண்ணீர் விட்டிருக்க மாட்டார்கள். காற்றில் உள்ள ஈரத்தை உப்பே இழுத்து வைத்துக்கொள்ளும். சித்திரை வெயிலில் அதே உப்பு பொலபொலவென்று உதிரும். இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரத்தில் 98 மீட்டர் நீளமுள்ள ஒரு பழைய இரும்புக் கப்பல் இன்னும் உருக்குலையாமல் நிற்கிறது என்றால், அதற்கு அடிப்படை இந்தச் சமையலறை விஷயம்தான். கப்பலின் பெயர் எஸ்.எஸ். கிரேட் பிரிட்டன். அதைப் பார்த்துவிட்டுத் திரும்பும்போது, கப்பலைவிட அதைச் சுற்றியிருந்த காற்றைப் பற்றித்தான் அதிகம் யோசித்துக்கொண்டு வந்தேன்.

லண்டன் பாடிங்டனில் ரயிலேறி பிரிஸ்டல் டெம்பிள் மீட்ஸில் இறங்கினேன். அந்தப் பாதையைப் போட்டவரும் இந்தக் கப்பலை வடிவமைத்தவரும் ஒருவரே, இஸம்பார்ட் கிங்டம் புரூனல். ரயில் பாதை இவ்வளவு நீளமா என்று நிறுவனக் கூட்டத்தில் ஒருவர் குறைப்பட்டுக்கொள்ள, அதை அப்படியே நியூயார்க் வரைக்கும் நீட்டி, கடலில் நீராவிக் கப்பல் விட்டுவிடலாமே என்று புரூனல் சொன்னதாக ஒரு கதை உண்டு. சொன்னபடியே 1838இல் கிரேட் வெஸ்டர்ன் என்ற மரக்கப்பல் துடுப்புச் சக்கரங்களோடு அட்லாண்டிக்கைக் கடந்தது. அதற்கு அடுத்துப் பிறந்ததுதான் கிரேட் பிரிட்டன்.

ஒரு கப்பலுக்குள் பல கப்பல்கள்

1839இல் வேலை தொடங்கியது. முதலில் இதற்கும் துடுப்புச் சக்கரம்தான் திட்டம். 1840இல் ஆர்க்கிமிடீஸ் என்ற சிறு கப்பல் பிரிஸ்டலுக்கு வந்தது. பின்பக்கம் நீருக்கடியில் சுழலும் ப்ரொப்பல்லரால் ஓடுகிற கப்பல் அது. புரூனல் அதைக் கவனித்தார், சோதித்தார், பாதி கட்டிய தன் கப்பலின் திட்டத்தையே மாற்றினார். இரும்பு உடல், ப்ரொப்பல்லர் இரண்டையும் கொண்டு பெருங்கடலைக் கடக்கக் கட்டப்பட்ட முதல் பெரிய கப்பல் இப்படித்தான் உருவானது. 1843 ஜூலை 19 அன்று இளவரசர் ஆல்பர்ட் வந்து தொடங்கிவைத்தார். அன்றைக்கு உலகத்திலேயே பெரிய கப்பல் இது.

ஆனால் ஊரைவிட்டு வெளியே போக முடியவில்லை. துறைமுகத்தின் மதகு வாசல் கப்பலின் அகலத்துக்குப் போதவில்லை. 1844 டிசம்பரில் வாசலின் மேல்வரிசைக் கற்களைப் பெயர்த்தெடுத்த பிறகுதான் வழி கிடைத்தது. அடுத்த ஆண்டு ஜூலையில் லிவர்பூலிலிருந்து நியூயார்க்குக்கு 14 நாள் 21 மணி நேரத்தில் போய்ச் சேர்ந்தது. 1846 செப்டம்பரில் அயர்லாந்தின் டண்ட்ரம் விரிகுடாவில் தரைதட்டி, ஏறத்தாழ ஓராண்டு அலையில் அடிபட்டுக் கிடந்தது. மரக்கப்பலாக இருந்திருந்தால் அந்தக் குளிர்காலமே விறகாக்கியிருக்கும். இரும்பு தாங்கியது. கப்பலை மீட்டெடுத்த செலவை அதன் நிறுவனம்தான் தாங்கவில்லை.

கைமாறிய கப்பல் 1852இலிருந்து ஆஸ்திரேலியாவுக்கு ஓடியது. தங்க வேட்டைக் காலம் அது. மொத்தத்தில் சுமார் 15,000 பேர் இதில் ஏறி மெல்பர்னுக்குக் குடிபெயர்ந்தார்கள். 1861இல் ஆஸ்திரேலியாவுக்குப் போன முதல் இங்கிலாந்து கிரிக்கெட் அணியும் இதில்தான் போனது. நடுவில் கிரிமியப் போருக்குப் படை ஏற்றிச் சென்றது.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். 1857இல் இந்தியாவில் கிளர்ச்சி வெடித்தபோது, அதை அடக்க வந்த பிரிட்டிஷ் சிப்பாய்களைப் பம்பாய்க்குக் கொண்டுவந்த கப்பல்களில் இதுவும் ஒன்று. பின்பக்கத்துத் தங்க முலாம் வேலைப்பாட்டை அண்ணாந்து பார்த்தபோது எனக்கு அதுவும் சேர்ந்தே தோன்றியது. அதற்காக இந்தக் கப்பலைக் காப்பாற்றியிருக்க வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். காப்பாற்றி வைத்ததால்தான் அதன் பக்கத்தில் நின்று அதையும் நினைக்க முடிகிறது.

1882இல் எஞ்சினைக் கழற்றிவிட்டுப் பாய்மரச் சரக்குக் கப்பலாக்கினார்கள். 1886இல் நிலக்கரியோடு தென் அமெரிக்காவின் தென்கோடியிலுள்ள கேப் ஹார்ன் முனையைச் சுற்றும்போது புயலில் சிக்கி, ஃபாக்லாந்து தீவுகளின் ஸ்டான்லி துறைமுகத்தில் ஒதுங்கியது. பழுது பார்க்கக் கட்டுப்படியாகவில்லை. அங்கேயே கம்பளியும் நிலக்கரியும் போட்டுவைக்கும் கிடங்காக்கிவிட்டார்கள். அதற்கும் ஆகாமல் போனபின், 1937இல் ஸ்பேரோ கோவ் என்ற ஒதுக்குப்புறக் குடாவுக்கு இழுத்துப்போய், அடியில் ஓட்டை போட்டு, ஆழமில்லாத இடத்தில் அமர்த்திவிட்டு வந்தார்கள்.

அங்கே 33 ஆண்டுகள். அந்தக் காலத்தில்தான் நோய் உள்ளே புகுந்தது.

வீடு திரும்பிய பிறகு வந்த நோய்

மீட்டு வந்த கதை தனியாகவே எழுத வேண்டியது. கப்பல் வடிவமைப்பாளர் யூவன் கார்லெட் 1967இல் லண்டன் நாளிதழ் ஒன்றுக்கு எழுதிய கடிதத்தில் ஆரம்பித்தது. ஜாக் ஹேவர்ட் என்ற செல்வந்தர் பணம் கொடுக்க முன்வந்தார். கப்பலின் வலப்பக்கத்தில் மேலிருந்து கீழாக ஒரு பெரிய விரிசல் ஓடியிருந்தது. ஃபாக்லாந்து மக்களின் பழைய மெத்தைகளை வாங்கி அந்த விரிசலில் திணித்துத் தண்ணீரை அடைத்தார்கள். பிறகு ஒரு பெரிய மிதவையைத் தண்ணீரில் அமிழ்த்தி, கப்பலை அதன்மேல் கொண்டுவந்து, மிதவையின் வயிற்றிலிருந்த நீரை வெளியேற்றித் தூக்கினார்கள். 1970 ஏப்ரலில் ஓர் இழுவைக் கப்பல் அந்த மிதவையை இழுத்துக்கொண்டு அட்லாண்டிக்கில் புறப்பட்டது.

1970 ஜூலை 5 அன்று ஏவன் ஆற்றில் கப்பல் ஊருக்குள் வந்தபோது கரை முழுக்க ஜனம். கிளிஃப்டன் தொங்குபாலத்துக்கு அடியில் நுழைந்து வந்தது. அந்தப் பாலமும் புரூனல் வரைந்ததுதான். கப்பல் ஊரைவிட்டுப் போன 1844இல் பாலம் கட்டி முடியவில்லை. 1864இல் முடிந்தபோது புரூனல் உயிரோடு இல்லை. அவருடைய கப்பல் அவருடைய பாலத்தின் அடியில் முதல்முறையாகக் கடந்தது அன்றைக்குத்தான். ஜூலை 19 அன்று, தொடங்கிவைத்த அதே தேதியில், 127 ஆண்டு கழித்து, தான் பிறந்த உலர்துறைக்குள்ளேயே (நீரை வெளியேற்றிவிட்டுக் கப்பல் கட்டும் குழி அது) கப்பல் நுழைந்தது.

அப்புறம் வழக்கமாக நடப்பது நடந்தது. துருவை நீக்கினார்கள், வண்ணம் பூசினார்கள், பாய்மரம் வைத்தார்கள், அறைகளைத் திரும்பக் கட்டினார்கள். பார்க்க வந்தவர்களுக்குக் கப்பல் ஆண்டுக்கு ஆண்டு அழகாகிக்கொண்டே போனது. உள்ளே இரும்பு அரித்துக்கொண்டே இருந்தது.

இதில் யாரையும் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. கடலிலிருந்து எடுத்துவிட்டோம், இனி துரு பிடிக்காது என்று நினைப்பது இயல்பு. ஆனால் கடலில் கிடந்த இரும்பு, கடலையும் சேர்த்தே வெளியே கொண்டுவருகிறது. உப்பிலுள்ள குளோரைடு துருவின் அடுக்குகளுக்குள், ரிவெட் ஆணிகளின் இடுக்கில், ஒன்றன்மேல் ஒன்று ஏறி நிற்கும் தகடுகளின் நடுவில் போய் உட்கார்ந்துவிடும். மேலே எவ்வளவு வண்ணம் அடித்தாலும் அது அங்கேயே இருக்கும். காற்றில் ஈரம் இருந்தால் அதை இழுத்துக் கசியும். கசிந்த ஈரத்தில் இரும்பு மேலும் துருவாகும். துருவின் அடுக்கு வீங்கி உதிரும். உதிர்ந்த இடத்தில் புதிய இரும்பு வெளியே வரும், அதையும் அரிக்கும். பிரிஸ்டலோ மழை ஊர். அங்கே சாதாரண நாளிலேயே ஈரப்பதம் 70, 80 சதவீதம் இருக்கும். உலர்துறை என்பது பெயர்தான், ஆற்றோரத்தில் பூமிக்குள் இறங்கிய ஒரு கற்குழி அது. கடலில் கிடந்தபோது இருந்ததைவிட மோசமான இடம் என்றுகூடச் சொல்லலாம், ஏனென்றால் இங்கே ஈரத்தோடு காற்றும் தாராளமாகக் கிடைக்கிறது.

1998இல் கப்பலை முழுவதுமாக ஆராய்ந்தார்கள். இப்படியே விட்டால் இன்னும் சுமார் 25 ஆண்டில் கப்பல் நிற்காது என்று தெரியவந்தது.

என்ன செய்யலாம்?

இரும்பைக் காப்பவர்களுக்குத் தெரிந்த வழி, குளோரைடைக் கழுவி எடுப்பது. கடலடியில் கிடைத்த பீரங்கியை மாதக் கணக்கில் காரக் கரைசலில் ஊறப்போடுவார்கள். 98 மீட்டர் கப்பலை எந்தத் தொட்டியில் ஊறப்போடுவது? துண்டு துண்டாகப் பிரித்துக் கழுவலாம் என்றால், ரிவெட்டை உடைக்கும்போதே தகடும் சேர்ந்து போய்விடும். கெட்ட தகட்டை வெட்டியெடுத்துப் புது எஃகு வைக்கலாம். இன்னும் ஓடுகிற கப்பலுக்கு அதுதான் சரி. இங்கே அப்படிச் செய்தால் கடைசியில் புரூனலின் கப்பல் மாதிரி ஒரு புதுக் கப்பல் நிற்கும், புரூனலின் கப்பல் இருக்காது.

கார்டிஃப் பல்கலைக்கழகத்தில் டேவிட் வாட்கின்சனும் அவருடைய குழுவும் கேள்வியை வேறு மாதிரி கேட்டார்கள். உப்பை எடுக்க முடியாது. சரி, அது எந்த ஈரத்தில் விழிக்கிறது, எந்த ஈரத்தில் உறங்குகிறது? இரும்புத் தூளோடு குளோரைடுள்ள துருப்பொருள்களைக் கலந்து, வெவ்வேறு ஈரப்பதத்தில் வைத்து, எடை எவ்வளவு கூடுகிறது என்று பார்த்தார்கள். துருவாக மாறும் இரும்பு ஆக்ஸிஜனைச் சேர்த்துக்கொள்ளும், அதனால் எடை கூடும். ஈரப்பதம் 20 சதவீதத்தை ஒட்டி இறங்கும்போது அந்த எடை ஏற்றம் ஆமை வேகத்துக்கு வந்துவிட்டது. இன்னும் கீழே இறக்கினால் இன்னும் நல்லதுதான். ஆனால் ஒவ்வொரு சதவீதத்தைக் குறைப்பதற்கும் மின்சாரம் செலவாகும். 20 என்பது ஆயுளுக்கும் செலவுக்கும் நடுவில் வந்து நின்ற எண்.

பாலைவனத்துக் காற்று அவ்வளவு வறண்டிருக்கும். அதை மழை பெய்யும் பிரிஸ்டலில் ஒரு கப்பலைச் சுற்றி உண்டாக்க வேண்டும்.

அதற்குக் கண்ட வழிதான் இந்த அருங்காட்சியகத்தின் உயிர். கப்பலின் நீர்க்கோடு, அதாவது மிதக்கும்போது நீர் தொடும் கோடு, எந்த மட்டத்தில் இருக்கிறதோ, அதே மட்டத்தில் கப்பலுக்கும் துறையின் சுவருக்கும் நடுவில் முழுக்கக் கண்ணாடித் தளம் போட்டு மூடிவிட்டார்கள். கண்ணாடிக்குமேல் கொஞ்சமாகத் தண்ணீர் நிற்கிறது. கடலில் ஊறிக் குளோரைடு ஏறிய கீழ்ப்பாதி கண்ணாடிக்கு அடியில், வறண்ட காற்றில். மேல்பாதி அவ்வளவு கெடவில்லை, அதற்கு வண்ணப்பூச்சு போதும், அது வெளியே மழையில் நனையலாம். கப்பலின் உட்புறத்தையும் தனியாக மூடி உலர்த்துகிறார்கள்.

காற்றை உலர்த்தும் எந்திரத்தின் வேலை எளிமையானது. மெதுவாகச் சுழலும் ஒரு பெரிய சக்கரத்தில் ஈரத்தை உறிஞ்சும் பொருள் இருக்கும். புது செருப்புப் பெட்டிக்குள் சின்னப் பொட்டலத்தில் வருமே சிலிக்கா ஜெல், அந்தக் குடும்பம்தான். சக்கரத்தின் ஒரு பக்கம் வழியாகக் காற்று போகும்போது ஈரத்தைக் கொடுத்துவிட்டு வறண்டு வெளியே வரும். மறுபக்கத்தில் சூடான காற்று அடித்து, சக்கரம் குடித்த ஈரத்தை விரட்டிவிடும். இரவும் பகலும் இது நடக்க வேண்டும். 2005 ஜூலையில் இந்த ஏற்பாட்டோடு கப்பலை மக்களுக்குத் திறந்தார்கள். அடுத்த ஆண்டு பிரிட்டனின் சிறந்த அருங்காட்சியகத்துக்கான கல்பென்கியன் பரிசு கிடைத்தது.

கண்ணாடிக்குக் கீழே

நான் போன அன்று தூறல். கண்ணாடித் தளத்தின் தண்ணீரில் துளிகள் விழுந்து வட்டம் வட்டமாக விரிந்தன. தூரத்திலிருந்து பார்த்தால் கப்பல் மிதப்பதாகவே தோன்றும். ஓரத்திலுள்ள படியில் கீழே இறங்கினேன்.

முதலில் தெரிந்தது சத்தம், ஒரு பெரிய மூச்சு மாதிரி. துறை நெடுகக் குழாய்கள் ஓடுகின்றன. அவற்றிலிருந்து காற்று கப்பலின் மேல் படுகிறது. இரண்டு நிமிடத்தில் உதடு காய்ந்தது. மேலே நனைந்த சட்டைத் தோள் சீக்கிரமே உலர்ந்துவிட்டது. தலைக்குமேல் தண்ணீர். அது அசையும்போது வெளிச்சம் துறையின் கல்சுவரிலும் கப்பலின் வயிற்றிலும் நெளிகிறது. நீருக்கடியில் நிற்கிற மாதிரி இருந்தது, ஆனால் நான் அதுவரை மூச்சிழுத்த காற்றிலேயே அதுதான் வறண்ட காற்று.

கப்பலின் அடியை இவ்வளவு பக்கத்தில் வேறெங்கும் நான் பார்த்ததில்லை. தகடுகள் ஓட்டுக் கூரையைப் போல ஒன்றின்மேல் ஒன்று ஏறி நிற்கின்றன. நெடுக ரிவெட் தலைகள். சில முழுசாக இருக்கின்றன, பல தேய்ந்து வெறும் தழும்பாகிவிட்டன. இது தேனிரும்பு. இன்றைய எஃகு மாதிரி ஒரே சீராக அரிப்பதில்லை, பழைய தேக்கு மரம் மாதிரி நார் நாராகப் பிரிகிறது. ஓரிடத்தில் குனிந்து பார்த்தேன். தகட்டின் விளிம்பு அப்பளம்போல் மெலிந்து, அடுக்கு அடுக்காக விரிந்து, நடுவில் ஓர் ஓட்டை. ஓட்டைக்குள் இருட்டு. விரலால் அழுத்தினால் உதிர்ந்துவிடும் என்று தோன்றியது, கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன். இந்தத் துருவையெல்லாம் சுரண்டி எடுத்துப் பளபளப்பாக்காமல் விட்டார்களே என்பதற்காகவே இவர்களை எவ்வளவு பாராட்டினாலும் தகும். அந்தத் துருவோடு சேர்ந்துதான் இந்த இரும்பு நிற்கிறது. அதை எடுத்தால் பல இடத்தில் மிச்சம் எதுவும் இருக்காது.

வலப்பக்கம் வந்தபோது அந்த விரிசல். மெத்தைகள் இப்போது இல்லை, எஃகுத் தகடுகளை வைத்து இறுக்கியிருக்கிறார்கள். ஒட்டு ஒட்டாகவே தெரிகிறது, மறைக்க முயலவில்லை. பின்பக்கத்தில் ஆறு இலை கொண்ட ப்ரொப்பல்லரும் சுக்கானும் நிற்கின்றன. அவை புதிதாகச் செய்த பிரதிகள். மூல ப்ரொப்பல்லர் ஆரம்ப ஆண்டுகளிலேயே உடைந்துபோனது.

மேல்தளத்தின் கதை வேறு. அங்கே முதல் வகுப்புச் சாப்பாட்டுக் கூடம், சமையலறை, கீழ்வகுப்புப் பயணிகளின் படுக்கைகள் எல்லாம் திரும்பக் கட்டியவை. வாசனையைக்கூட உண்டாக்கியிருக்கிறார்கள். எஞ்சினின் பிரதி ஒன்று மெல்ல அசைந்து ஓடுகிறது, அதன் உயரத்தைப் பார்க்கும்போதுதான் 1843இன் துணிச்சல் புரிகிறது. குழந்தைகளோடு வந்த குடும்பங்கள் அங்கேதான் அதிக நேரம் நின்றன. எனக்குக் கீழ்வகுப்புப் படுக்கைதான் மனதில் நின்றது. முழங்கையை விரித்தால் பக்கத்துப் பலகையில் இடிக்கும். மெல்பர்ன் போய்ச் சேரச் சுமார் இரண்டு மாதம். அதில் பிள்ளை பெற்றவர்களும் உண்டு, கரையைப் பார்க்காமலே போனவர்களும் உண்டு. ஆனால் அந்தப் பலகை புதிது. எது அன்றைய மரம், எது இன்றைய மரம் என்று கண் தேடிக்கொண்டே இருந்தது. கீழே அந்தக் குழப்பமே இல்லை. கீழே இருப்பதில் பெரும்பகுதி 1843இன் இரும்பு, ஒட்டுப் போட்ட இடமும் ஒட்டு என்று தெரிகிறது.

இந்தச் சிகிச்சையில் எனக்குள்ள ஒரே கவலை, இது முடிவில்லாதது என்பதுதான். குளோரைடு அப்படியே உள்ளே இருக்கிறது. எந்திரங்கள் சில நாள் நின்றால் பெரிதாக எதுவும் ஆகிவிடாது, ஆண்டுக் கணக்கில் நின்றால் பழைய கணக்கு விட்ட இடத்திலிருந்து ஓடும். மின்சாரம், பராமரிப்பு, அதற்கான பணம், இவை என்றைக்கும் வந்துகொண்டே இருக்க வேண்டும். இன்னொரு பக்கம், இவர்கள் செய்தது எதுவும் இரும்பைத் தொடவில்லை. கண்ணாடியையும் குழாயையும் நாளைக்கே கழற்றிவிடலாம். இதைவிட நல்ல வழி எவராவது கண்டுபிடித்தால், வேலை செய்ய மூலக் கப்பல் அவர்களுக்கு மிச்சமிருக்கும். இந்தக் காரணத்துக்காகவே, 1970களின் வண்ணப்பூச்சைவிட 2005இன் காற்றை நான் பெரிய சாதனையாக நினைக்கிறேன்.

பிரிஸ்டலுக்குப் போகிறவர்கள் மேல்தளத்துக்கு ஏறும் முன்பு முதலில் கீழே இறங்கிவிடுங்கள். மேலேயுள்ள பட்டு நாற்காலிகளையும் தங்க முலாமையும் பார்த்த கண்ணுக்கு இந்த ஓட்டை இரும்பு பழசாகத்தான் தெரியும். முதலில் இதைப் பார்த்துவிட்டுப் போனால், மேலே நடக்கும்போது காலுக்கடியில் எது இருக்கிறது என்று தெரிந்தே நடப்பீர்கள். கையில் ஒரு பாட்டில் தண்ணீர் வைத்துக்கொள்ளுங்கள். கீழே அரை மணி நேரம் நின்றால் தொண்டை காய்ந்துவிடும்.